பெரியவாப்பா கிணற்றின் பதினோராவது சொட்டு

செய்னம்பு,

கோப்பி ஏற்ற வண்டியோடு கண்டிக்குப் போகிறேன். உன் சொந்தக்காரர் மேல் எனக்குப் பொறாமை என்று நேற்று நீ கத்தியது இருக்கட்டும். பிள்ளைக்கு உன் பெரியவாப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்காதே.

வாந்திபேதிக்காகக் கிணறுகளைச் சோதிக்க வந்த டாக்டர் ஐயா, குப்பித் தண்ணீரில் ஊதா மருந்து ஒரு சொட்டு விட்டார். நிறம் மங்கினால் தண்ணீர் அழுக்காம். ஊர்க் கிணற்றில் மங்கியது. உடனே வாளிக் கயிற்றை அறுக்கச் சொன்னார். பெரியவாப்பா கிணற்றிலும் மங்கியது. ஆனால் அங்கே அவரைக் கதிரை போட்டு உட்காரவைத்து, தின்ன வட்டிலப்பம் வைத்திருந்தார்களே! நிறம் நிற்கும்வரை சொட்டு விட்டார். பதினோராவது சொட்டில், "முதல்தரத் தண்ணீர்!" என்றார்.

"பாத்தீங்களா, நம்மட கெணறு நம்மளப் போலத்தான்!" என்றார் பெரியவாப்பா. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு பானைத் தண்ணீர் கொதிக்கவைத்து மூடியிருக்கிறேன். அதையே குடியுங்கள்.

மீராசா

மறந்துவிட்டேன்: டாக்டரின் ஆளிடம் ஒரு சொட்டு கெஞ்சி வாங்கி, நான் தோண்டிய நம் கிணற்றையும் சோதித்தேன். கண்ணெதிரே மங்கியது. மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் தோண்ட வேண்டாமென்று நீ அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டாய். சிரிப்பதென்றால் நான் வந்த பிறகு சிரி, பெரியவாப்பாவுக்குக் கேட்காமல்.