பதின்மூன்றுக்குப் பூஜ்யம்

பூசாக்,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள செவரினுக்கு,

உன் அர்மான் மாமா எழுதுவது. இங்கே நான், உன் இவெத் அத்தை, கொல்லையில் உள்ள வாத்துகள் எல்லோரும் சுகம். லியோனில் நீ ஆஸ்பத்திரி வேலையில் ஓடிக்கொண்டிருப்பாய், வேளைக்குச் சாப்பிடு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உன் அத்தை பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்வாள். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

நீ கேட்டது ஒரே கேள்வி. உன் வீட்டுக்காரர் திபோவின் முதல் கல்யாணத்து மகள் லிசோன், சனிக்கிழமை நீ லீவு கிடைத்து வரும்போது இங்கே இருப்பாளா, இல்லை அன்றைக்கே தன் அம்மாவோடு பொர்தோவுக்குக் கிளம்பிவிடுவாளா? உண்மையை மட்டும் எழுதுங்கள் என்றாய். நான் எப்போது வேறெதையாவது எழுதியிருக்கிறேன்?

திபோவோடு இங்கே வந்த அன்றைக்கு சூப் குடிக்கும்போதே லிசோன் சொல்லிவிட்டாள். "அவங்க வர்ற அன்னிக்கு நான் அம்மாகூடப் போயிடுவேன். அப்பாகிட்ட சொல்லியாச்சு." அவங்க என்றால் நீ. உன் பெயர் அந்த வாயில் வரவில்லை. பதினோரு வயசுப் பெண் இவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. திபோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், பாவம். நான் விடுவேனா? இந்த ஜில்லாவில் விருந்தாளியைச் சந்தோஷப்படுத்த என்னை விட்டால் ஆள் உண்டா?

முதலில் கோட்டை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் சரித்திரம் எனக்கு ரத்தத்தில் ஓடுகிறது. மேல் மதில்மேல் நின்று, நம் முப்பாட்டனார் இங்கிருந்து கொதிக்கிற வால்நட் எண்ணெயை ஆங்கிலேயர் தலையில் ஊற்றியதையும், நம் குடும்பம் இல்லாவிட்டால் அந்த நூறு வருஷப் போர் இருநூறு வருஷம் இழுத்திருக்கும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெல்ஜியக்காரர்கள் கைதட்டினார்கள். அவள், "நூத்திப் பதினாறு வருஷம், மிஸ்யே" என்றாள், யாரோ தெருவில் போகிற ஐயாவைக் கூப்பிடுவது போல. அவ்வளவுதான்.

அடுத்து குகை. சுவரில் அந்தக் குதிரைகளைப் பார்த்தால் உனக்குச் சின்ன வயசில் அழுகை வரும், நினைவிருக்கிறதா? வரைந்தவன் இடதுகைக்காரன், நம் வம்சத்தில் எல்லாரும் இடதுகை, ஆகவே அவன் நமக்கு உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப நீங்க கூட இருந்து பார்த்தீங்களா, மிஸ்யே?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வழிகாட்டிப் பெண் சிரித்தாள், இவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொர்தோன் ஆற்றில் படகு. துடுப்புப் பிடிப்பதில் என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளும் திபோவும் ஒரு படகு, நான் தனிப் படகு. பாலத்துக்குக் கீழே ஆழம் எப்படி இருக்கிறது என்று சோதிப்பதற்காக இறங்கினேன். ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள், காதில் வாங்காதே. முழங்கால் ஆழத்தில் நான் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. குளிர் என்று நினைத்தேன். ஆகஸ்ட் மாசத்தில் என்ன குளிர்?

நேற்று புதன்கிழமைச் சந்தை. ஆட்டுப்பால் சீஸ், ஸ்ட்ராபெரி, தேன் எல்லாம் வாங்கினோம். அத்தையோடு நடந்தாள், கூடையைக்கூட வாங்கிக்கொண்டாள், ஆனால் பேச்சு இல்லை. மத்தியானம் மர்த்தீன் அம்மாவின் காபிக் கடைக்கு முன்னால், மரத்தடியில் இரும்புக் குண்டு எறியும் ஆட்டம். நான் நாற்பது வருஷத்து வீரன் என்பதை எல்லாரும் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் என்ன, நானே சொன்னேன். கடைச் சுவரில் திரைக்குப் பின்னால் இருக்கிற ஃபானியையும் காட்டினேன். பாவாடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் காட்டி நிற்கிற அந்த மரப்பொம்மைதான். ஒரு புள்ளிகூட எடுக்காமல் பதின்மூன்றுக்குத் தோற்றவன் ஊர் பார்க்க மண்டியிட்டு அந்தப் பின்பக்கத்தில் முத்தம் கொடுக்க வேண்டும். இந்த முழங்கால்கள் அந்தத் தரையைத் தொட்டதே இல்லை, தொடவும் தொடாது என்றேன். முதல் தடவையாக அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஆடலாமா, மிஸ்யே?" என்றாள்.

திபோ மூன்று நாளாக அவளுக்கு முற்றத்தில் கற்றுக் கொடுத்திருக்கிறார். கை நல்ல கை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் நாலு புள்ளி நிஜமாகவே அவளுடைய சாமர்த்தியம். ஏழுக்குப் பூஜ்யம் ஆனபோது பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், தோள் லேசாகக் குலுங்கியது. அப்போதுதான் எனக்கு முழங்காலில் வலி வந்தது. அதோடு வெயில் கண்ணில் அடித்தது. மரத்தின் வேர் வேறு குண்டைத் திசை மாற்றிவிட்டது. இந்த வேரை வெட்டச் சொல்லி ஊராட்சியில் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கடைசிச் சுற்றில் குட்டிப்பன்றி, அதுதான் அந்தச் சின்ன மரக்குண்டு, என் காலுக்கு எட்டடி தூரத்தில் கிடந்தது. அதை ஒட்டி நிற்க வேண்டிய என் குண்டு சாலையைத் தாண்டிப் போய் ரொட்டிக்கடை வாசலில் நின்றது. காற்று.

மர்த்தீன் அம்மா மணி அடித்தாள். முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி வெட்டிய தலையோடு ஒருவர் ஓடிவந்தார். "மண்டி போடுங்க, மிஸ்யே" என்றாள் லிசோன், குரல் நடுங்க. போட்டேன். முத்தமும் கொடுத்தேன், வார்னிஷ் வாசனை. எழுந்து திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், செவரின். கண்ணீர் வரச் சிரிக்கிறாள். திபோ மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போனவர் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவில் மூவர் ஆட்டம் இருக்கிறது. என்னையே ஜெயித்தவளைச் சேர்க்காமல் இருக்க முடியுமா? உன் அணியில் யார் யார் என்று மர்த்தீன் அம்மா லிசோனைக் கேட்டாள். "நானும் அப்பாவும்." மூணாவது? நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குண்டைத் துணியால் துடைத்தாள், திருப்பித் துடைத்தாள்.

"செவரின். அவங்களுக்கு ஆடத் தெரியுமான்னு தெரியல. வந்ததும் நான் சொல்லிக் கொடுத்துக்கறேன்."

சாயங்காலம் அவளே அம்மாவைப் போனில் கூப்பிட்டு, அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

நீ என்னிடம் ஆட்டம் கற்றவள், பதினைந்து வயசில் ஜில்லாக் கோப்பை வாங்கியவள், நான் உருவாக்கியதிலேயே பெரிய ஆட்டக்காரி. இது எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள், உன் அத்தையைத் தவிர. சர்க்கரை வியாதி என்று எனக்குக் கேக்கையே கண்ணில் காட்டாதவள், நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் தட்டில் வால்நட் கேக் இரண்டு துண்டு வைத்தாள்.

ஆகவே மகளே, சனிக்கிழமை தட்டைச் செருப்பு போட்டு வா. உன் குண்டுகளை லியோனிலேயே விட்டுவிடு. அவள் ஒரு குண்டை உன்னிடம் கொடுத்ததும் பூசணிக்காயைப் பிடிப்பது போலப் பிடி. அவள் உன் விரல்களைப் பிடித்து மடக்கிக் காட்டுவாள். அவசரப்படாதே, மெதுவாகக் கற்றுக்கொள். ஞாயிற்றுக்கிழமை தோற்றாலும் பரவாயில்லை.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
உன் மாமா
அர்மான்
(ஜில்லாவில் இன்னும் முதலிடம்தான், வெயில் கண்ணில் அடிக்காத நாட்களில்)