முள் ஆடவில்லை என்று சொன்னது நான்

பொம்மனஹள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யுவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, டப்ளினில் உனக்கும் சிந்துவுக்கும் அப்படியே இருக்கட்டும். மழை விட்டுப் பத்து நாளாகிறது. மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து ஓசூர் ரோட்டில் சத்தம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிந்து கேட்ட ரசப்பொடியை அரைத்துவிட்டேன், எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மியின் மகள் அடுத்த மாதம் லண்டன் போகும்போது கொடுத்தனுப்புகிறேன், அவள் அங்கிருந்து தபாலில் போடுவாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், என் வாட்ஸப்பையும் அவர்தான் திறந்து படிக்கிறார். நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம் இது.

வீட்டை ஒட்டிய ஷெட் இப்போது காலி. அப்பாவின் கடைசல் மெஷினை, அந்த லேத்தை, அவரிடம் வேலை கற்ற ஹரிஷ்குமார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது ஏன் போனது என்று உனக்குப் பாதிதான் தெரியும், மீதியைச் சொல்கிறேன். ஜூன் மாதம் கடைகிற ராடைக் கவ்வும் சக்கில், அதை இறுக்கும் சாவியை அப்படியே விட்டுவிட்டு அப்பா சுவிட்சைப் போட்டார், சாவி பறந்து போய்த் தண்ணீர் டிரம்மை ஓட்டை போட்டது, அவர் தலைக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. அன்று மாலை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. எதையாவது பண்ணி அந்த மெஷினை விட்டு அப்பாவை எழுப்பிவிடும்மா, எப்படிப் பண்ணினாய் என்று நான் கேட்கமாட்டேன் என்றாய். சொன்னபடியே நீ கேட்கவில்லை.

எடுத்துச் சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை அவர். நான் செய்தது இதுதான். நீளமான ராடு ஆடாமல் இருக்க அதன் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் அது பக்கவாட்டில் நகரும். அவர் குளிக்கப் போன நேரத்தில் கால் திருகு திருகினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அதற்குமேல் அந்த லேத்தில் கடைகிற எந்த ஷாஃப்ட்டும் ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்துதான் வரும்.

முதலில் வந்தது மாவு மில் எல்லம்மாவின் ஷாஃப்ட். நாற்பது வருஷத் தைரியத்தில் அப்பா ஒரு முனையை மட்டும் அளந்து பார்த்துக் கொடுத்தனுப்பிவிட்டார். மறுநாள் எல்லம்மாவே ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் வைத்து, சரி இல்லா சார், இந்தப் பக்கம் பேரிங் ஏறவே மாட்டேங்குது என்றாள். ஜெயலக்ஷ்மி வீட்டு வாசலில் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு முனையின் குறுக்களவையும் அளந்தார், ஆறு கோடு வித்தியாசம். உடனே டெயில்ஸ்டாக்கைத்தான் சந்தேகப்பட்டார், அவருக்கா தெரியாது. சோதனைக்கென்றே இருக்கும் நேரான டெஸ்ட் பாரை இரண்டு முனையிலும் தாங்கும் சென்டர்களுக்கு நடுவில் மாட்டி, துளி விலகினாலும் முள் நகர்ந்து காட்டும் டயல் கேஜை அதன்மேல் தொடவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக ஓட்டினார். முள் மூன்று கோடு நகர்ந்தது, ஒரு பக்கத்தில் மூன்று என்றால் குறுக்களவில் ஆறு. நகர்ந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்போது அவர் என்னைக் கூப்பிட்டு, தமயந்தி, எனக்கு முள் ஆடுகிற மாதிரி தெரிகிறது, என் கண்ணை நம்ப முடியவில்லை, நீ பார்த்துச் சொல் என்றார்.

இருபத்தாறு வருஷம் வாட்ச் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் டயல் பார்த்தவள் நான். அந்த இருபத்தாறு வருஷமும் என் வேலையை, மெஷினில் நிற்கும் நாங்கள் செய்ததைப் பார்த்து டிக் போடுகிற வேலை என்று உன் எதிரிலும் உன் மாமா எதிரிலும் சொல்லிச் சிரித்தவர் அவர். முதல்முறையாக என் கண்ணை நம்பிக் கேட்டார். ஆடவில்லையே, அசையாமல் நிற்கிறதே என்றேன். உன்னிடம் மறைக்கப்போவதில்லை, அந்த நிமிஷம் எனக்கு உள்ளே இனித்தது. அவர் இன்னொரு தரம் ஓட்டினார், இப்போது என்றார், இப்போதும் ஆடவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார், பிறகு கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் இரண்டு ஷாஃப்ட் கடைந்தார். ஒவ்வொன்றையும் மாட்டி, சுற்றிப் பார்த்து, தட்டித் தட்டி நேராக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டும் அதேபோலத்தான் வந்தன. மெஷின் சரியாக இருக்கிறது, நான்தான் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டு லேத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். அதன்பிறகு கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கினால்கூட என்னிடம் நீட்டி எண்ணச் சொல்கிறார். ரோடு தாண்டும்போது பஸ் வருகிறதா என்று என்னைக் கேட்கிறார். நீயும் நானும் ஆசைப்பட்டபடியே எழுந்துவிட்டார்.

செப்டம்பரில் வீசிங் அதிகமாகி டாக்டரிடம் போனோம். கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, இது நரம்புக் கோளாறு இல்லை, வீசிங்குக்குப் போடுகிற மாத்திரையால் வருவது என்று சொல்லி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது ஊசியில் நூலை அவர்தான் கோத்துக் கொடுக்கிறார், கோத்துவிட்டு, சரியாகக் கோத்திருக்கிறேனா பார் என்கிறார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் பழையபடி திருகி, டயல் வைத்து நேராக்கிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தார்ப்பாயை விலக்கி எல்லாவற்றையும் சொன்னேன். நேராக்குவதற்கு முன்பே சொல்லியிருந்தால் கோணலை அவரே பார்த்திருப்பார், அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. அவர் டெஸ்ட் பாரை மாட்டி ஓட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. அன்றைக்கும் ஆடவில்லை என்றுதானே சொன்னாய், இன்றைக்கும் ஆடவில்லை, எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம் தமயந்தி என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அவர் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

யுவனைக் கேளுங்கள், அவன்தான் எப்படியாவது நிறுத்தச் சொன்னான் என்று அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் அப்படிச் சொன்னாயா என்று போனில் உன்னைக் கேட்டார். நீ சிரித்தாய். என்னப்பா, நான் எதுவும் சொல்லலை, அம்மா அப்படியெல்லாம் செய்வாங்களா, உங்க மனசு ஆறட்டும்னு சொல்றாங்க, விடுங்க என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், சமாதானமாகிவிட்டார். மறுநாளே ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டு, சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றார். புதன்கிழமை டெம்போ வந்தது. ஹரிஷ்குமார் அதைத் தன் ஷெட்டில் இறக்கி முதல் வேலை போட்டுப் பார்த்துவிட்டு, சார், ஒரு கோடுகூட வித்தியாசம் இல்லை, எப்படி சார் இவ்வளவு நேராக வைத்திருந்தீர்கள் என்று போனில் கேட்டார். மெஷின் எப்போதும் நேராகத்தான் இருந்தது ஹரிஷ் என்றார் அப்பா.

நான் செய்தது பாவம், அதை நானே சுமக்கிறேன். ஆனால் உன் பொய் என்னுடையதைவிடச் சின்னது என்று நினைத்துவிடாதே. என்னுடையது ஒரு மெஷினைத்தான் கோணலாக்கியது, அதை நான் திருகிச் சரிசெய்துவிட்டேன். நீ சொன்னதைத் திருக எனக்கு ஸ்க்ரூ இல்லை. அப்பாவுக்கு உன் கையால் எழுது. நீ என்ன சொன்னாய், நான் என்ன செய்தேன், இரண்டையும் எழுது. போனில் வேண்டாம், போனில் நீ ஒருமுறை சொல்லியாகிவிட்டது. எழுத மனம் இல்லையென்றால் விட்டுவிடு. யுவன் பொய் சொன்னான் என்று நானே அவரிடம் போய்ச் சொல்கிறேன், அப்போது அவர், எனக்காக நம் பிள்ளைமேல் பழி போடாதே என்று மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. சிந்துவை இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். கவரின்மேல் அப்பா பெயரை மட்டும் எழுது, என் பெயர் வேண்டாம், அவரே பிரித்து அவர் கண்ணாலேயே படிக்கட்டும்.

உன் அம்மா,
சு. தமயந்தி