அக்கா அனுப்பிய கால்குலேட்டர்

அக்டோபர் 2, வெள்ளி

செண்டாய் நகரத்திலிருந்து பார்சல். அனுப்பியவர் பெயர் தொமிகோ. என் அக்காவேதான்.

அப்பாவின் இறுதிச் சடங்கோடு போனவள். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மீன்பிடிக்கப் போகும் தொப்பியோடு அப்பா சிரிக்கிற படத்தைப் பூக்களுக்கு நடுவே வைத்திருந்தேன். “படகு திருடப் போறவர் மாதிரி இருக்கார்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே ரயில் ஏறினாள்.

பிரித்தால், செய்தித்தாளில் சுற்றிய பழைய கால்குலேட்டர். அவள் நில அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அப்போது என்னைத் தொடவே விடமாட்டாள். கடிதம் எதுவும் இல்லை. இப்போது எதற்கு இது? செத்துக்கித்துப் போய்விட்டாளா? இல்லை, முகவரி அவள் கையெழுத்துதான்.

அக்டோபர் 3, சனி

நாலு பேட்டரி போட்டதும் பச்சையாக எட்டுச் சுழிகள் எரிந்தன. ஆறை ஏழால் பெருக்கினால் 00000042. நாற்பத்திரண்டுக்கு இவ்வளவு பரிவாரம் எதற்கு?

சமக்குறிக்கென்று தனிப் பொத்தான் இல்லை. கறுப்புப் பொத்தானில் கூட்டலும் சமமும் சேர்ந்திருக்கின்றன. சிவப்பில் கழித்தலும் சமமும். ஐந்து, சிவப்பு, மூன்று, கறுப்பு என்று அடித்தேன். இரண்டு வந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு கழித்தல் குறியும் எரிந்தது.

மசஹரு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “உங்க அக்காவேதான். எது கேட்டாலும் எதிர்ப்பேச்சு.”

சுழியால் வகுத்தேன். எண்கள் பேய் பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. அணைத்துவிட்டேன்.

“அதையும் கோபப்படுத்திட்டியா?” என்றார். கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது?

அக்டோபர் 5, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஓரத்துக் குறியைக் கண்டுகொள்ளக் கூடாது, அவ்வளவுதான். எண் சரியாகத்தான் வருகிறது. பலமுறை கழித்துப் பார்த்துவிட்டேன்.

“போன் பண்ணி அவளையே கேளேன்” என்றார் மசஹரு.

நானா? அவளிடமா?

அக்டோபர் 9, வெள்ளி

நாளை மழலையர் பள்ளி விளையாட்டு விழா. மதிய உணவுப் பெட்டிகள் எங்கள் சாப்பாட்டுக் கடையில்தான். முதலில் 120 கேட்டார்கள். பிறகு 30 கூடியது. இன்று காலை, காய்ச்சல் என்று 18 பேர் வரமாட்டார்களாம். அக்காவின் கால்குலேட்டரில்தான் போட்டேன். 108. ஓரத்தில் குறிகூட இல்லை. அவ்வளவு சுத்தம்.

“நூத்தெட்டு பெட்டி” என்றேன்.

“புது வருஷத்துக்குக் கோயில்ல அடிக்கிற மணிக் கணக்கு. நல்ல சகுனம்” என்றார் அவர், மீனிலிருந்து தலை நிமிராமல்.

அக்டோபர் 10, சனி

எழுதவே கை கூசுகிறது. இருபத்துநாலு பேருக்குச் சாப்பாடு இல்லை. மைதானத்தில் நின்று விரல் விட்டுக் கூட்டிக் கழித்தேன். நூற்று முப்பத்திரண்டு வருகிறது. ஒரு தரம் கையால் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? என்ன வீம்பு எனக்கு —

தலைமை ஆசிரியை ஓகுமா குனிந்து வணங்கி, “பரவாயில்லைங்க, குழந்தைங்க சாப்பிட்டாச்சு” என்றார். திட்டியிருந்தால் தேவலை. பெட்டி கிடைக்காதவர்கள் கயிறு இழுத்து ஜெயித்த அப்பாக்கள். “ஜெயிச்சதுக்குத் தண்டனையா?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மசஹரு சைக்கிளில் பறந்துபோய், இருந்த சோற்றையெல்லாம் உருண்டை பிடித்து, உப்பில் ஊறிய பிளம் வைத்துக் கொண்டுவந்தார்.  

வீட்டுக்கு வந்ததும், கட்டிய ஏப்ரனோடு செண்டாய்க்குப் போன் போட்டேன்.

“நீ அனுப்பின சனியன் என் மானத்த வாங்கிருச்சு.”

 “என்ன அடிச்சே? வரிசையாச் சொல்லு.”

சொன்னேன்: நூற்றிருபது, கறுப்பு, முப்பது, சிவப்பு, பதினெட்டு, கறுப்பு.

“மக்கு. நம்பர முதல்ல அடி. அதைக் கூட்டணும்னா கறுப்பு, கழிக்கணும்னா சிவப்பு. நூத்தியிருபது கறுப்பு, முப்பது கறுப்பு, பதினெட்டு சிவப்பு.”

அடித்தேன். 132.

“இத ஒரு சீட்டுல எழுதி வச்சிருந்தா என்னவாம்?”

“எழுதியிருந்தா நீ கூப்பிட்டிருப்பியாடி?”

 அவளே தொடர்ந்தாள். வீட்டைக் காலி செய்கிறாளாம். முட்டி வலியோடு மூன்று மாடி ஏற முடியவில்லையாம். வேறு வீடு இன்னும் பார்க்கவில்லை.

“கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு” என்று என் வாய் சொல்லிவிட்டது. “படியே கிடையாது.”

“அப்பா அங்க அந்தத் தொப்பியோடதான் இருக்காரா?”

“ஆமா. எடுக்க மாட்டேன்.”

“எடுக்கச் சொன்னேனா?”

அக்டோபர் 13, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். கழித்தல் பழகிவிட்டதா என்று கேட்க. வெகுநேரம் பேசினோம். கழித்தலைப் பற்றி அல்ல.

அக்டோபர் 31, சனி

வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு கைத்தடி. நேரே அப்பா படத்தின் முன் உட்கார்ந்து ஊதுவத்தி ஏற்றினாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. “புகை” என்றாள்.

நவம்பர் 4, புதன்

மிசோ சூப்பில் உப்பு அதிகம் என்றாள் காலையில். அடுப்பை இடம் மாற்று என்றாள் மதியம். நான் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்றும் கேட்கவில்லை.