கேட்டில் விட்ட பொட்டலம்

அச்சங்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

யோகேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டால் பதில் வராது. போனில் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே அங்கே மழையா என்று கேட்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன தடவை ஊருக்கு வந்தபோது ரசச் சோற்றைக் கரைத்துத்தான் குடித்தீர்கள். விருதுநகர் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது இரண்டு விரல் நுழையவில்லை. "உள்ள வெள்ளை படர்ந்திருக்கு, சதை எடுத்துச் சோதிக்கணும்" என்றார். நீங்கள், "தீவாளி சீசன் முடியட்டும்" என்று ஒடிசாப் பட்டாசுக் கம்பெனிக்கு ரயிலேறிவிட்டீர்கள். தீபாவளியும் போய்விட்டது. இப்போது கல்யாண ஆர்டராம்!

எனக்கு ஆத்திரம் உங்கள் மேல் மட்டுமில்லை. நம்மூர்ப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் இன்றும் மடியைத் தடவிப் பீடியையும் தீப்பெட்டியையும் பிடுங்குகிறார்கள். புகையிலைப் பொட்டலத்தைக் கண்டால், "இதுல தீயா இருக்கு? கொண்டு போங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போர்மேனாக இருந்தபோது நீங்களும் அப்படித்தான் விட்டீர்கள். நீங்களே பீடியை விட்டு வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறியபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நெருப்பில்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நம்மைத் தவிர வேறு யார் நினைப்பார்கள்?

கிராமசபையில் எழுந்து கேட்டேன். தடை போட்ட புகையிலைச் சரக்கையே கம்பெனி வேன் நிற்கும் கடையில் பேப்பரில் மடித்துத் தருகிறார்களே என்றேன். "புகையிலையில வரி வருதும்மா, அம்புட்டையும் நிறுத்த முடியுமா?" என்றார் தலைவர் பெத்தணன். அந்த வரி குருவம்மாள் வீட்டுக்கு வந்ததா என்று கேட்டேன். அவள் புருஷனுக்குத் தாடையை எடுத்தார்கள். வைத்தியச் செலவில் மாடும் நிலமும் போயின, அவரும் போய்விட்டார். மகள் படிப்பை விட்டுக் கம்பெனி வேனில் ஏறுகிறாள். நர்ஸ் செல்வலட்சுமியும், "வெலையை ஏத்தி, கடையில தொங்கவிடாமப் பண்ணுனாலே நெறையப் பேரு விட்டுருவாக. வர்ற வரியை விட வைத்தியத்துக்குப் போறதுதான் அதிகம்" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு, தெருவிளக்குக்குத் தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

கம்பெனியில் வெடித்துச் செத்தால் நிவாரணம் தருகிறார்கள். வாயில் புண் வந்து செத்தால் அது அவரவர் பழக்கமாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஊரைத் திருத்த என்னால் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை நீங்கள் வருவதாக டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆர்டர் கிடக்கட்டும், கிளம்பி வாருங்கள். பயமென்றால் பயமென்று சொல்லுங்கள், எனக்கும் பயம்தான். இருக்கன்குடி மாரியம்மன் துணையிருப்பாள். உங்களைக் கேட்காமல் தேதி வாங்கியதற்கு வந்து என்னை வாய் நிறையத் திட்டுங்கள். அப்படி நீங்கள் திட்டிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

உங்கள் மனைவி,
யோகேஸ்வரி