இறக்கி நிறுத்திய பின் முறுக்க வேண்டிய போல்ட்

சாக்கின் வாயைக் கட்டியிருந்தது உன் முடிச்சு. அவிழ்க்க வராது, அறுக்கத்தான் வேண்டும். போன வாரம் அரிவாளால் அறுத்தபோது கிரீஸும் துருவும் கொப்பரையும் கலந்த ஒரு வாடை வந்தது. உன் களத்து வாடை. உள்ளே நான்கு ஸ்பிரிங்குகள் கிடந்தன, உன் காரிலிருந்து நாம் இருவரும் கழற்றியவை. "எங்கூட்ல வெச்சா தங்கமணி பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருவா, உன்ற மோட்டார் ரூம்லயே கெடக்கட்டும் மாப்ள" என்று நீதான் கொண்டுவந்து மூலையில் சாய்த்தாய். அதற்குப் பிறகு அந்தச் சாக்கை நான் தொடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அல்லது, தெரியாமலே போய்விட்டாய்.

தங்கமணி போன் செய்திருந்தாள்.

"ஏனுங்ணா, காருக்குப் பதினஞ்சு வருசம் முடியுதுங்க. மறுபடியும் ரிஜிஸ்டர் பண்ணோணும். சித்தூர் ஆபீஸ்ல மலையாளத்து இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்துட்டு, இப்படி எறக்குனது ஆகாதாம், இது பற்றில்ல சேச்சி, பழய ஸ்பிரிங் தன்னெ வேணும்னுட்டாருங்க. அவரு அதை எங்க வெச்சாருன்னு தெரியலீங்ணா."

"எங்கிட்டத்தாம்மா இருக்குது."

"அப்ப நீங்களே மாட்டிக் குடுத்துருங்ணா. அன்னைக்கும் நீங்கதான மாட்டுனீங்க. விக்கலாம்னு தம்பி சொல்றான், எனக்கு மனசு வரலீங்க."

குத்திப் பேசத் தெரியாதவள் அவள். ஆனாலும் 'நீங்கதான மாட்டுனீங்க' என்பது போனை வைத்த பிறகும் காதில் நின்றது.

நாற்பத்தைந்து வயதில் உனக்கு வந்த ஆசை அது. பொள்ளாச்சி ரோட்டில் கல்லூரிப் பையன்களின் கார்கள் தரையை உரசுவது போலப் போவதைப் பார்த்துவிட்டு, நம் காரையும் இறக்க வேண்டும் என்றாய். கட்டையான ஸ்பிரிங் நான்கு வாங்கி மாட்டினால் வண்டி இரண்டு விரற்கடை கீழே உட்காரும், வளைவில் சாயாது, பார்க்கவும் அழகு. தங்கமணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "காரை எறக்கறதுக்கு முன்னால அந்தத் தொப்பைய எறக்கலாமுல்ல?" நீ வயிற்றைத் தட்டி, "இது கம்பெனி ஸ்பிரிங்கு, இதைத் தொட்டா வாரண்டி போயிரும்" என்றாய்.

ஸ்பிரிங்கை வாங்கியதும் கனகராஜின் பட்டறைக்கு விடலாம் என்றுதான் நீ சொன்னாய். கோபாலபுரம் தாண்டி பத்து நிமிடம். "காலைல உட்டா மத்தியானம் முடிச்சுருவான். நாம டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாப் போதும்." நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பட்டறைக்காரன் செய்வதை, படிக்கத் தெரிந்த இருவர் செய்ய முடியாதா என்று கேட்டேன். அது வெளியே சொன்ன காரணம். கனகராஜ் நம்மோடு பத்தாவது வரை படித்தவன். ஒருமுறை டீக்கடை முன்னால் என் ஸ்கூட்டர் பஞ்சராகி நான் திணறியபோது, "காலேஜ் வாத்தியாருங்க, நட்டை எந்தப் பக்கம் திருப்போணும்னு புஸ்தகத்துல பாத்துட்டு வருவாருங்க" என்றான். கடையே சிரித்தது. அதை நான் வைத்துக்கொண்டேன். துறைத்தலைவர் பதவியை எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்ததை வைத்திருப்பது போல, கிணற்றுப் பக்கத்து நிலத்தை அண்ணன் எடுத்துக்கொண்டதை வைத்திருப்பது போல. "மத்தவங்க ஊட்ல நகை வெச்சிருப்பாங்க, நீ கோவத்தை வெச்சிருக்கற மாப்ள" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் களத்தில் வேலையைத் தொடங்கினோம். சக்கரம் உருளாமல் இருக்கத் தேங்காய் மட்டைகள். ஜாக்கி வழுக்கிவிட்டால் தாங்குவதற்கு இரண்டு தென்னந்துண்டுகள். நான் இணையத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து, அடிக்கோடிட்டு, பாடக் குறிப்பு போலக் கொண்டுவந்திருந்தேன். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி ஒன்று வேண்டும். சரியாகக் கடிக்காவிட்டால் ஸ்பிரிங் எகிறி ஆளைக் கொல்லும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்ததை உரக்கப் படித்தேன். "ஏப்பா, இதை எறக்கறதுக்குள்ள நம்மளை ஏத்திருவாங்களாட்ட இருக்குதே" என்று ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக் காட்டினாய். கருவி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். நீ மட்டையைச் சரியாக வைப்பதுபோலக் குனிந்துகொண்டாய்.

முன்பக்கம் மத்தியானத்துக்குள் முடிந்தது. தங்கமணி கொடுத்த மோரைக் கிரீஸ் கையோடு குடித்தோம். பின்பக்கம் ஸ்பிரிங்கை எடுக்க, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் போல்ட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. அந்தப் போல்ட் ஒரு ரப்பர் உருளைக்கு நடுவே போகிறது, புஷ் என்பார்கள். புது ஸ்பிரிங்கை வைத்துவிட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அப்போது நீ சொன்னாய்: "ஏனுங்க மாப்ள, வண்டிய எறக்கித் தரையில நிறுத்தீட்டு அதை முறுக்கலாமுங்களே."

சாதாரணமாக நீ எனக்கு 'ங்க' போடமாட்டாய். ஏதாவது உறுதியாகச் சொல்ல வேண்டும், ஆனால் என்னைச் சீண்டிவிடக் கூடாது என்றால் மட்டும் போடுவாய்.

"யாரு சொன்னா?"

"கனகராஜ்தான். கருவியக் குடுக்கறப்ப சொல்லிவிட்டான். தொங்கறப்ப முறுக்குனா ரப்பர் அப்படியே புடிச்சுக்குமாம். அப்பறம் வண்டி கீழ உக்கார உக்கார அது முறுக்கிக்கிட்டே கெடந்து கிழிஞ்சுருமாம்."

இதை எழுதத்தான் இந்த மடலையே தொடங்கினேன். அவன் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரியும். என் பன்னிரண்டு பக்கங்களில் ஒன்பதாம் பக்கத்தில் அது இருந்தது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தேன். வண்டியை இறக்கிய பிறகு முறுக்குவதாகத்தான் இருந்தேன், அப்போதைக்கு நட்டைக் கையால் ஏற்றிவைக்கவே ஸ்பேனரை எடுத்தேன். அவன் பெயரைக் கேட்டதும் மல்லாந்து படுத்த நிலையிலேயே இரண்டு போல்ட்டுகளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு முறுக்கினேன். நீ டார்ச்சை மட்டும் என் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

இறக்கிப் பார்த்தால் முன்பக்கம் அழகாகத் தணிந்திருந்தது, பின்பக்கம் கோழி வாலைத் தூக்கியது போல நின்றது. "ஓட ஓட உக்காந்துக்கும்" என்றாய். தங்கமணி நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், ஏற்றி நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். கோபாலபுரம் செக்போஸ்ட் வேகத்தடையில் வயிறு உரசிய சத்தத்துக்குப் போலீஸ்காரரே திரும்பிப் பார்த்தார். நீ அவருக்கு ஒரு சலாம் வைத்தாய். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த நாட்கள் அதிகமில்லை.

சில மாதங்களில் பின்பக்கம் நொய்யென்று முனகத் தொடங்கியது, பிறகு குழிகளில் டக்கென்று தட்டியது. ஸ்பிரிங் மட்டமானது, நீ கடைக்காரனிடம் ஏமாந்துவிட்டாய் என்றேன். நீ தலையாட்டினாய். கொஞ்ச நாளில் சத்தம் நின்றது. "பாத்தயா, உன்ற வேலை சுத்தம் மாப்ள, உக்காந்துருச்சு" என்றாய். நான் நம்பினேன். அடுத்த வாரமே பொள்ளாச்சி பஸ்ஸின் சன்னலிலிருந்து கண்டேன். கனகராஜின் பட்டறை முன்னால் உன் கார். நீயும் அவனும் கையில் டீ கிளாஸோடு நின்று, அவன் குனிந்து தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். நீயும் சிரித்தாய்.

எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அது போதுமாக இருந்தது எனக்கு.

போனை எடுக்கவில்லை. நீ இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். இரண்டு முறையும் வெளியே போயிருப்பதாக மனைவியைச் சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஆளு வெளிய போயிட்டாருங்களா? செருப்பு வாசல்ல இருக்குதுங்களே, வெறுங்காலோடயா போனாரு?" என்றாய். ஒரு தார் பூவன் பழத்தை வைத்துவிட்டுப் போனாய். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு காலையில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போனவன் வாய்க்கால் ஓரத்திலேயே விழுந்தாய் என்று சொன்னார்கள். வந்தேன். உன்னை எடுக்கும்போது கடைசி வரிசையில் நின்றேன்.

தங்கமணிக்காக மறுபடியும் உன் களத்தில் காரின் அடியில் படுத்தேன், நானே மாட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கத்து இரண்டு புஷ்ஷும் நான் முறுக்கியவை இல்லை. எல்லாம் தூசி படிந்து கிடக்க, அவை மட்டும் பிறகு யாரோ புதிதாக மாற்றியவை போலக் கறுத்துக் கெட்டியாக இருந்தன. பிறகு எழுந்து, சாக்கை டிக்கியில் போட்டுக்கொண்டு, கோபாலபுரம் தாண்டி கனகராஜின் பட்டறைக்கே ஓட்டிப் போனேன்.

"வாங்க சார், வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீக்கடைப் பேச்சை அவன் எப்போதோ மறந்துவிட்டான் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பழைய ஸ்பிரிங்குகளைக் காட்டினேன். பிறகு, இவ்வளவு காலம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "இந்த வண்டிய இங்க கொண்டுவந்தானே, அன்னைக்கு என்ன சொன்னான்?"

"அதையேன் கேக்கறீங்க சார். ரெண்டு புஷ்ஷும் நாராக் கிழிஞ்சு கெடந்துச்சு. சொல்லித்தானடா விட்டேன், எவன்டா தொங்கறப்பவே முறுக்குனதுன்னேன். நான்தான்டான்னான். மாப்ள வேண்டாம் வேண்டாம்னாரு, புஸ்தகத்துலயே போட்டிருக்குதுன்னு காட்டுனாரு, நான்தான் கேக்காம முறுக்கிப்போட்டேன்னான். எனக்குச் சிரிப்புத் தாங்கலீங்க. படிச்சவங்க சொன்னா இனியாவது கேளுடான்னு நல்லாக் கிண்டலடிச்சேன். அவனும் ஆமாடா, ஆமாடான்னு சிரிச்சான். புது புஷ் மாட்டி அடுத்த வாரம் மறுபடி காட்ட வந்தப்பவும் அதையே சொல்லித்தான் சிரிச்சோமுங்க."

பஸ் சன்னலிலிருந்து நான் பார்த்த சிரிப்பு அது. ஒன்பதாம் பக்கத்தை உனக்கு நான் காட்டவே இல்லை. நீயாகவே பார்த்திருக்கிறாய்.

"முறுக்குனது நான்தாங்க கனகராஜ்" என்றேன்.

"அப்படீங்களா" என்றான். சிரிக்கவில்லை. இத்தனை வருடம் எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது வராதது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான்.

நான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ முதலில் சொன்ன மாதிரியே. மத்தியானத்துக்குள் முடித்தான். வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் பதிந்த பிறகு, அட்டை ஒன்றை விரித்து ஸ்பேனரை என்னிடம் நீட்டினான். "இப்ப முறுக்குங்க சார்." படுத்து, இரண்டையும் முறுக்கினேன். டார்ச்சை அவன் பிடித்தான். உன் அளவுக்கு நேராகப் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது செக்போஸ்ட் வேகத்தடையில் பழக்கத்தால் வண்டியை ஊர விட்டேன். ஒன்றும் உரசவில்லை. சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு தங்கமணி கேட்டாள்: "நீங்களே மாட்டுனீங்களாண்ணா?" இல்லை, பட்டறையில் கொடுத்தேன் என்றேன். அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

கட்டை ஸ்பிரிங்குகளை யாருக்காவது விற்றுத்தரவா என்று கனகராஜ் கேட்டான். கொடுக்கவில்லை. அதே சாக்கில் போட்டு மோட்டார் ரூமில் வைத்திருக்கிறேன். உன் முடிச்சு எனக்கு வரவில்லை, இரண்டு முறை கட்டிப் பார்த்துவிட்டு வெறுமனே சுற்றி வைத்தேன்.

நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. துறைத்தலைவரை மன்னிக்கவில்லை. அண்ணனையும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் வாசலில் யாராவது குரல் கொடுத்தால், மனைவி எழுவதற்கு முன்னால் நானே எழுந்து போகிறேன். செருப்பு அங்கேதான் கிடக்கிறது. இருக்கிறேன் என்று நானே சொல்கிறேன்.