எனக்கு நானே எழுதிய நன்றி அட்டை

என்னங்க,

நான் நல்லா இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? சின்னவ ஒழுங்கா சாப்பிடுறாளா?

இங்கே கிறிஸ்துமஸ் வந்தாலும் வந்துச்சு, வீட்டுல ஒருத்தருக்கும் உட்கார நேரமில்லை. சமையலும் பாத்திரமுமா எனக்கு இடுப்பு கழண்டுடுச்சு. நேத்து முதலாளியம்மா நாற்பது நன்றி அட்டையும் ஒரு பட்டியலும் என் கையில திணிச்சாங்க. "உன் எழுத்து அழகா இருக்கு, எல்லாருக்கும் ரெண்டு வரி எழுதிடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

எழுதிக்கிட்டே வந்தா, பட்டியல்ல கடைசிப் பேரு என்னோடது! சிரிச்சுட்டேன். ஆனாலும் விடுவேனா? "உங்கள் கை படாமல் இந்த வீடு ஒரு நாளும் ஓடாது. இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன்"னு எழுதினேன். அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டு என்கிட்டயே நீட்டினாங்க.

அப்புறம்தான் உறைச்சுது. ரெண்டு வருஷமா ஒத்த ஆளா சமைச்சு, சின்னவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புறீங்க. நான் மட்டும் என்னத்தைச் சொல்லிக் கிழிச்சேன்? அந்த அட்டையை இதோட வச்சிருக்கேன். அம்மா கையெழுத்தை அடிச்சுட்டு என்னோடதைப் போட்டிருக்கேன்.

குளிருக்கு உள்ளே போட்டுக்க உங்க பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க. துவைக்காததா இருந்தாலும் சரி. துவைக்காததே அனுப்புங்க.

கூப்பிடறாங்க, ஓடறேன்.