பின்வாசல் சொம்பு

1897 பிப்ரவரி 8, திங்கள்
நாற்பது ரொட்டி. இரண்டு கருகிவிட்டன. பிசைகிறவனும் நான், விறகு தள்ளுகிறவனும் நான், கூடையைத் தலையில் வைத்துத் தங்கச் சுரங்கத் துரைமார் மெஸ்ஸுக்கு நடக்கிறவனும் நான். கருகினால் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது.

கள்ளுக்கார வெங்கடம்மா வழக்கம்போலப் பின்வாசலில் ஒரு சொம்பு கள் வைத்துவிட்டுப் போனாள். அதை ஊற்றிப் பிசைந்தால்தான் மாவு பொங்கும். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை.

பிப்ரவரி 11, வியாழன்
சபை மூப்பர் ஆபிரகாம் வந்தார். அதே பேச்சு. "ஒண்டியா எத்தினி நாளிக்கி மாரடிப்பே பர்னபாஸு? என்னைக் கூட்டு சேத்துக்கோ. மாவுல இன்னா போடுறேன்னு மட்டும் காட்டு."

காட்டினால் மறுவாரமே பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலில் அவர் அடுப்பு புகையும். சிரித்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 15, திங்கள்
வெங்கடம்மா என் பின்வாசலிலிருந்து போவதை யாரோ பார்த்துப் போதகரிடம் சொல்லிவிட்டார்கள். மதுவைத் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட சபை எங்களுடையது.

"குடிக்கிறியா?" என்றார் போதகர்.

"இல்லீங்க ஐயா."

"பின்ன கள்ளு எதுக்கு?"

மாவுக்கு என்று சொல்ல முடியுமா? சொன்னால் சபையில் ஒருவரும் என் ரொட்டியைத் தொடமாட்டார்கள். மாதாமாதம் இராப்போஜன ஆராதனையில் கர்த்தரின் சரீரமென்று அவர் பிட்டுக் கொடுப்பதும் என் ரொட்டிதானே!

மார்ச் ஏழுக்குள் கள்ளை நிறுத்தாவிட்டால் எனக்கு இராப்போஜனம் இல்லையாம்.

பிப்ரவரி 17, புதன்
கள் இல்லாமல் பிசைந்து பார்த்தேன். மெஸ் சமையல்காரர் ஹரோல்ட் ஒரு ரொட்டியை மேஜையில் தட்டிக் காட்டினார். "இன்னா மேன் இது, சுரங்கத்து ஷாப்ட்ல கல்லு ஒடைக்கவா?" இன்னொரு தரம் இப்படி வந்தால் பெங்களூரிலிருந்து ரயிலில் வரவழைத்துக்கொள்வாராம்.

பிப்ரவரி 18
வெங்கடம்மாவை மறுபடி வரச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 27, சனி
மறுபடி ஆபிரகாம். "கூட்டு சேத்துக்கோ. போதகர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

வாய் வரை வந்துவிட்டது. சொல்லித் தொலைத்தால்தான் என்ன? — இல்ல. இந்த அடுப்ப ஒண்டியா சேறு மிதிச்சு கட்டினேன். அப்ப எவன் வந்தான்?

"வேணாங்கண்ணே" என்றேன்.

படி இறங்கும்போது அவர் சொன்னது: "அடுத்த ஞாயித்துக்கு ரொட்டிய மறந்துடாதே. உன்ன விட்டா இங்க யாரு கீறாங்க?"

மார்ச் 7, ஞாயிறு
கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போதகர் ஜெபம் பண்ணி என் ரொட்டியைப் பிட்டார். தட்டு ஒவ்வொருவராகக் கடந்து, எனக்கு முன் பெஞ்சில் சுந்தரராஜ் வரை வந்து, திரும்பிப் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் அது என்னை விட்டுப் போனதில்லை.

வெளியே வந்ததும் ஆபிரகாம் தோளைத் தட்டினார். "இந்த தபா ரொட்டி பஞ்சு மாதிரி இருந்துச்சு."

மார்ச் 8, திங்கள்
சபையில் ஆள் கூடிவிட்டதாம். அடுத்த மாதம் முதல் இராப்போஜனத்துக்கு இரண்டு ரொட்டி வேண்டுமென்று போதகர் சொல்லி அனுப்பினார். வெங்கடம்மாவிடம் அந்த ஞாயிறுகளுக்குச் சொம்பை நிறைத்துக் கொண்டுவரச் சொன்னேன்.